வாசகர் கேள்வி பதில்: டென்மார்க்கைப் பாட வெச்ச க்ருண்ட்விக்

போன இதழ்ல டென்மார்க் கவிஞர் க்ருண்ட்விக் பத்தி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அவர் எழுதின பாட்டையெல்லாம் அந்த ஊர்ல இன்னைக்கும் சர்ச்சுல, பள்ளிக்கூடத்துல, கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து பாடறாங்கன்னு சொல்லியிருந்தேன். அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நினைக்கல, ரொம்ப சந்தோஷம். இந்த வாரப் பக்கம் முழுக்க அவருக்குத்தான்.

கே: பேரையும் ஊரையும் சொல்லி முடிச்சிட்டீங்க சார். ஆளு யாரு, என்னதான் பண்ணாருன்னு கொஞ்சம் விவரமா சொல்லுங்களேன்.
- வாசகர், கும்பகோணம்

ப: முழுப் பேரு நிக்கோலாய் ஃப்ரெடரிக் செவரின் க்ருண்ட்விக். 1783 செப்டம்பர் 8-ல, சீலாந்து தீவோட தெக்குப் பக்கம் ஊத்பிங்கற கிராமத்துல ஒரு பாதிரியார் வீட்டுல பொறந்தார். 1872 செப்டம்பர் 2-ல கோபன்ஹேகன்ல காலமானார், இன்னும் ஆறு நாள் இருந்திருந்தா 89 முடிஞ்சிருக்கும். சாகறதுக்கு முந்தின நாள்கூட சர்ச்சுல பிரசங்கம் பண்ணியிருக்காரு மனுஷன்.

நடுவுல அவர் கை வைக்காத வேலை இல்ல. பாதிரியார், கவிஞர், சரித்திரம் எழுதினவர், வட ஐரோப்பாவோட பழைய நார்ஸ் புராணங்களைத் தோண்டி எடுத்து ஜனங்களுக்கு சொன்னவர், பேவுல்ஃப்னு பழைய ஆங்கிலக் காவியம் ஒண்ணு இருக்கே அதை 1820-லயே டேனிஷ்ல கொண்டு வந்தவர், இன்னைக்கு பேசற மொழி ஒண்ணுல அந்தக் காவியம் முழுசா வந்தது அதுதான் முதல் தடவை. 1848-49-ல டென்மார்க்குக்கு அரசியல் சட்டம் எழுதின சபையிலயும் உறுப்பினர். ஆனா இதெல்லாத்தையும் தாண்டி நின்னது பாட்டுதான். மாத்தி எழுதினது, மொழிபெயர்த்தது எல்லாம் சேத்தா ஆயிரத்து ஐநூறு கிட்ட வரும். டேனிஷ் சபையோட இப்பத்திய பாட்டுப் புத்தகத்துல 791 பாட்டு, அதுல மூணுல ஒரு பங்கு கிட்ட அவரோடதுதான்.

என்னைக் கேட்டா அவரைப் புரிஞ்சுக்க ஒரு விஷயம் போதும். தனியா ஒக்காந்து மனசுக்குள்ள படிக்கறதுக்குன்னு அவர் எழுதல, ஒரு கூட்டமே வாய்விட்டுப் பாடணும்னுதான் எழுதினார். அச்சுல இருக்கற எழுத்தைவிட வாயால சொல்ற சொல்லுக்குத்தான் உயிர் இருக்குங்கறதை வாழ்நாள் பூரா திரும்பத் திரும்ப சொன்னார். அவர் பண்ணின மத்த எல்லா வேலையும் அதுலேர்ந்து கிளம்பினதுதான்னு நான் நம்பறேன்.

கே: பாட்டு எழுதினதுக்காக அவருக்கு வேலை போச்சு, தடை போட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன். நிஜமா?
- வாசகர், நாகர்கோவில்

ப: நிஜம், ஆனா கதை ரெண்டா இருக்கு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு வந்து விழுந்தது.

1825-ல ஹென்ரிக் நிக்கோலாய் கிளௌசன்னு இளம் பேராசிரியர் ஒருத்தர், கத்தோலிக்க சபையும் ப்ராட்டஸ்டன்ட் சபையும் பத்தி பெரிய புத்தகம் ஒண்ணு போட்டார். அதைப் படிச்ச க்ருண்ட்விக்குக்கு கோபம் தலைக்கு ஏறிடுச்சு. பைபிளை பண்டிதர் வந்து விளக்கினாதான் சாதாரண ஜனம் கிறிஸ்தவனா இருக்க முடியுமா, ஞானஸ்நானத்துல சபையே சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணம் போதாதான்னு கேட்டு, வேகவேகமா ஒரு சின்னப் புத்தகம் எழுதி வெளியிட்டார். அதோட நிக்கல. கிளௌசன் மன்னிப்பு கேக்கணும், இல்லன்னா பதவியை விடணும்னும் எழுதிட்டார். கிளௌசன் பதில் புத்தகம் எழுதல, நேரா கோர்ட்டுக்குப் போயிட்டார், அவதூறு வழக்கு.

வழக்கு நடந்துக்கிட்டு இருக்கும்போதே 1826 வந்துடுச்சு. டென்மார்க்குக்கு கிறிஸ்தவம் வந்து ஆயிரம் வருஷம்னு பெந்தெகொஸ்தே நாள்ல கொண்டாட்டம் வெச்சிருந்தாங்க, அன்ஸ்கார்ங்கற துறவி 826-ல வந்ததை வெச்சு கணக்கு. க்ருண்ட்விக் அதுக்குன்னே புதுசா பாட்டு எழுதி, தன் சர்ச்சுல பாட வைக்க எல்லாம் ஏற்பாடும் பண்ணிட்டார். மேலிடம் கூடாதுன்னுடுச்சு, அனுமதிச்ச புத்தகத்துல இருக்கற பாட்டைத்தான் பாடணுமாம். கொண்டாட்டத்துக்கு சில நாள் இருக்கும்போது வேலையை ராஜினாமா பண்ணிட்டுப் போயிட்டார். கையில காசு கிடையாது, வீட்டுல சின்னப் பிள்ளைங்க. அப்புறம் அந்த வருஷமே தீர்ப்பும் வந்துச்சு: அபராதம், கூடவே ஆயுசு முழுக்க தணிக்கை, அதாவது அவர் என்ன எழுதினாலும் அதிகாரி பாத்து கையெழுத்து போட்டப்புறம்தான் அச்சுக்குப் போகணும். 1837 கடைசியிலதான் அதை நீக்கினாங்க.

அன்னைக்கு வேண்டாம்னு சொன்ன பாட்டுங்கள்ல ஒண்ணு, விடியலை வரவேத்துப் பாடற ஒரு பாட்டு. இடைக்காலத்துலேர்ந்து ஜனங்க வாயில இருந்த பழைய விடியல் பாட்டை எடுத்து புதுசாக்கினது. வைசேங்கற இசையமைப்பாளர் அதே வருஷம் மெட்டு போட்டார். இன்னைக்கு டென்மார்க்ல அந்தப் பாட்டு தெரியாதவங்களைக் கண்டுபிடிக்கறது கஷ்டம். "பாக்கியமான நாளு கடல்லேர்ந்து எழும்பி வர்றதை சந்தோஷத்தோட பாக்கறோம்"னு ஆரம்பிக்கும். தீவா சிதறிக் கிடக்கற நாட்டுல சூரியன் கடல்லேர்ந்துதானே வரும், அந்த முதல் வரியிலயே ஊரு வந்துடுது பாருங்க.

இன்னொண்ணும் சொல்லணும், எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம். 1839-ல டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகள்ல அடிமை முறையை ஒழிக்கணும்னு கோபன்ஹேகன்ல ஒரு கமிட்டி போட்டாங்க. அதுல க்ருண்ட்விக்கும் இருந்தார், கிளௌசனும் இருந்தார். கோர்ட்டுல நின்ன ரெண்டு பேரும் ஒரே மேஜையில.

கே: அவருக்கு மனநோய் இருந்ததுன்னு சொல்றாங்களே. அந்த நிலையில இவ்ளோ எப்படி எழுதினார்?
- கல்லூரி மாணவி, சென்னை

ப: இருந்தது. 1810, 1844, 1867, மூணு தடவை பெருசா வந்திருக்கு, நடுவுல சின்னச் சின்னதா வேற. இன்னைக்கு பைபோலார்னு சொல்றோமே, அந்த மாதிரின்னுதான் ஆராய்ச்சி பண்ணினவங்க பலரும் சொல்றாங்க.

1810-ல அவருக்கு 27 வயசு. ஆண்டவர் சொல்லு ஆண்டவர் வீட்டுலயே ஏன் காணாமப் போச்சுன்னு அந்த வருஷம்தான் ஒரு பிரசங்கம் பண்ணி, கோபன்ஹேகன் பாதிரியாருங்க அத்தனை பேரையும் பகைச்சுக்கிட்டார். வருஷக் கடைசியில பயம் அவரையே பிடிச்சுக்கிச்சு, நானே முதல்ல கிறிஸ்தவன்தானான்னு. நண்பர் சிப்பர்ன், பின்னாடி பெரிய தத்துவப் பேராசிரியரா ஆனவர், அவரை வண்டியில ஏத்தி ஊத்பியில அப்பா அம்மாகிட்ட விடக் கிளம்பினார். ராத்திரி வழியில ஒரு சத்திரத்துல தங்கியிருக்காங்க. நடு ராத்திரி சிப்பர்ன் கண் முழிச்சா, இவர் ரூம் மூலையில முட்டி போட்டு சத்தமா ஜெபம் பண்ணிட்டு இருக்கார். சாத்தான் பாம்பா வந்து உடம்பைச் சுத்திக்கிட்டதா சொல்லியிருக்கார்.

அந்த இருட்டை ஒட்டித்தான், அதே குளிர்காலத்துல, குழந்தைங்களுக்காக ஒரு பாட்டு எழுதினார். கிழக்கேர்ந்து நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டே வந்த ஞானிகள் கதை. "நீல வானம் எவ்ளோ அழகு, அதைப் பாக்கறதே ஒரு சந்தோஷம், தங்க நட்சத்திரமெல்லாம் மினுக்கி, சிரிச்சு, கையாட்டி, பூமியில இருக்கற நம்மள மேல வா வான்னு கூப்பிடுது"ன்னு தொடங்கும். ஒரு கஷ்டமான வார்த்தை இல்ல. இருநூறு வருஷம் தாண்டியும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குழந்தைங்க பாடறாங்க.

நோய் இருந்ததாலதான் கவிதை வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன்மா, அப்படிச் சொல்றது கஷ்டப்படறவங்களுக்கு நாம செய்யற அநியாயம். அவர் படுத்தார், எழுந்தார், யாரோ ஒருத்தர் கூட இருந்து பாத்துக்கிட்டாங்க. அதையும் சேத்து ஞாபகம் வெச்சுக்கோங்க.

கே: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். பரீட்சையே இல்லாத பள்ளிக்கூடம் அவர் யோசனைன்னு சொன்னீங்க. பரீட்சை இல்லாம என்ன சொல்லிக் கொடுப்பாங்க, யார் படிப்பாங்க?
- வாசகர், ஈரோடு

ப: ஐயா, இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்.

அவருக்கு பள்ளிக்கூடம்னாலே ஆர்ஹூஸ் ஊர்ல படிச்ச லத்தீன் பள்ளிக்கூடம்தான் ஞாபகம். மனப்பாடம், இலக்கணம், அடி. அந்த மாதிரி பள்ளிக்கூடத்தை சாவுக்குப் பழக்கற இடம்னே பின்னாடி எழுதினார். 1829, 1830, 1831-னு மூணு கோடைகாலம் இங்கிலாந்துக்குப் போனார், ராஜா கொடுத்த பணத்துல, பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கறதுக்கு. அப்போ கேம்பிரிட்ஜ்ல ட்ரினிட்டி காலேஜ்ல வாத்தியாரும் பசங்களும் ஒரே இடத்துல தங்கி, ஒண்ணா சாப்பிட்டு, பேசிக்கிட்டே படிக்கறதைப் பாத்தார். இதை ஏன் குடியானவன் வீட்டுப் பிள்ளைங்களுக்கு பண்ணக் கூடாதுன்னு தோணிடுச்சு.

அப்போ டென்மார்க்ல ராஜாவுக்கு ஆலோசனை சொல்ற சபைகள் வந்திருந்த நேரம், விவசாயிங்களும் அதுல போய் ஒக்காரணும். தாத்தா காலத்துல பண்ணையை விட்டு வெளிய போகவே உரிமை இல்லாதவங்க, 1788-லதான் அந்தக் கட்டு அறுந்தது. அவங்க பேரன் சபையில எழுந்து நின்னு பேசணும்னா தாய்மொழியில தைரியமா பேசத் தெரியணும், நாட்டோட கதை தெரியணும். அதனால பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம், அங்கயே தங்கி, பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. பேச்சு, சரித்திரம், நாட்டு நடப்பு, பாட்டு.

அவரே ஒரு பள்ளிக்கூடமும் நடத்தல. சோரோங்கற ஊர்ல பெருசா ஆரம்பிக்க எட்டாம் கிறிஸ்தியன் ராஜா ஒத்துக்கிட்டார், ஆனா 1848 ஜனவரியில ராஜா இறந்துட்டார், திட்டமும் போச்சு. அதுக்குள்ள 1844 நவம்பர்ல ரோதிங் ஊர்ல முதல் பள்ளிக்கூடத்தை மத்தவங்க தொடங்கிட்டாங்க. 1851-ல கிறிஸ்டன் கோல்ட்னு ஒரு செருப்புத் தைக்கறவர் மகன் ரிஸ்லிங்கேல ஒண்ணு ஆரம்பிச்சார், பசங்களோட சேர்ந்து மாடியில வைக்கோல் மெத்தையில படுத்துக்கிட்டு நடத்தினார். 1864 போர்ல தோத்து டென்மார்க் தெக்கு மாகாணங்களை இழந்தப்புறம் ஊர் ஊரா முளைச்சது. குளிர்காலத்துல வயல் வேலை இல்லாதப்போ பையனுங்க, கோடையில பொண்ணுங்க. பாட்டோட வகுப்பு ஆரம்பிக்கும், பாட்டோட முடியும்.

என்ன பிரயோஜனம்னு நீங்க கேப்பீங்க. 1882-ல யூட்லாந்துல ஹியெடிங்ங்கற கிராமத்துல விவசாயிங்க சேர்ந்து முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தொடங்கினாங்க. அந்தப் பண்ணைகள்ல ஓட்டு ஆளுக்கு ஒண்ணு, அம்பது மாடு வெச்சிருந்தாலும் ரெண்டு மாடு வெச்சிருந்தாலும் ஒண்ணுதான். எழுந்து நின்னு பேசி, கணக்கு கேட்டு, சண்டை போட்டு, அப்புறம் ஒண்ணா பாடிட்டு வீட்டுக்குப் போகப் பழகின தலைமுறை இல்லன்னா அது அவ்ளோ வேகமா நாடு பூரா பரவியிருக்காது. அந்தப் பள்ளிக்கூடங்க இன்னைக்கும் எழுபது சொச்சம் இருக்கு, இன்னும் பரீட்சை இல்ல. நம்ம பசங்க பிளஸ் டூ படிக்கறப்போ படற பாட்டைப் பாக்கறப்போல்லாம் எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

கே: மெட்டும் அவரே போடுவாரா? நல்லா பாடுவாரா?
- வாசகி, மதுரை

ப: மெட்டு போட மாட்டார். அவருக்கு ராகமே வராது, சங்கீத ஞானம் கம்மின்னுதான் சொல்வாங்க. ஆனா எந்த வார்த்தையை ஒரு கூட்டம் மூச்சு முட்டாம பாடும்ங்கறது அவருக்கு உள்ளங்கை மாதிரி தெரியும். வைசே, ஹார்ட்மான், பின்னாடி தாமஸ் லௌப், கார்ல் நீல்சன்னு பெரிய பெரிய ஆளுங்க மெட்டு போட்டாங்க.

1838-ல கோபன்ஹேகன்ல போர்க் காலேஜ்ல தன் காலத்து சரித்திரத்தைப் பத்தி தொடர் பேச்சு பேசினார், கூட்டம் நிரம்பி வழிஞ்சுது. ஒரு நாள் பேசி முடிச்சதும் யாரும் சொல்லாமலே கூட்டம் அவர் எழுதின பாட்டையே எடுத்துப் பாட ஆரம்பிச்சிடுச்சு, 1808-ல கடல் சண்டையில செத்துப்போன வில்லமோஸ்ங்கற இளம் அதிகாரியைப் பத்தின பாட்டு. பேச்சு முடிஞ்சா எல்லாரும் சேர்ந்து பாடற டேனிஷ் பழக்கம் அங்கதான் ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. 1839-லேர்ந்து சாகறவரைக்கும் வார்டோவ்ங்கற ஏழை முதியோர் இல்லத்து சர்ச்சுலதான் பாதிரியாரா இருந்தார். பாட்டு கேக்கறதுக்குன்னே ஜனம் அங்க வரும், ராணி கரோலினா அமாலியாவும் வருவாங்க.

1940-ல ஜெர்மனி டென்மார்க்கைப் பிடிச்சப்போ, ஜூலையில ஆல்போர்க் ஊர்ல ஜனங்க திறந்த வெளியில கூடிப் பாட ஆரம்பிச்சாங்க, செப்டம்பர் 1-ல ஒரே நாள்ல நாடு பூரா சுமார் ஏழு லட்சம் பேர். துப்பாக்கி இல்ல, கோஷம் இல்ல, பழைய பாட்டுங்கதான். 2020-ல கொரோனா வந்து வீட்டுக்குள்ள அடைஞ்சப்பவும் காலையில டிவியில ஃபிலிப் ஃபேபர்னு ஒரு இசை நடத்துனர் பியானோ முன்னாடி ஒக்காந்தார், நாடே வீட்டுல இருந்து கூடப் பாடுச்சு.

கே: கியர்கேகார்டும் இவரும் ஒரே காலம், ஒரே ஊர். பழக்கம் உண்டா?
- வாசகர், கோவை

ப: உண்டு, ஆனா ஒத்துப் போகல. டேனிஷ் தத்துவ ஞானி கியர்கேகார்ட் தனி மனுஷன் கடவுள் முன்னாடி தனியா நிக்கணும்னு சொன்னவர், இவர் கூட்டமா சேர்ந்து நிக்கணும்னவர். கியர்கேகார்ட் இவரை எழுத்துல நல்லாவே கிண்டல் பண்ணியிருக்கார். அவரோட சொந்த அண்ணன் பீட்டர், க்ருண்ட்விக் பக்கம், பின்னாடி ஆல்போர்க் பிஷப்பும் ஆனார். அந்த வீட்டு சாப்பாட்டு மேஜையில பேச்சு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கே: எங்க ஊரு டேனிஷ்காரங்க கோட்டை இருக்கற ஊரு. க்ருண்ட்விக்குக்கும் நம்ம பக்கத்துக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா அண்ணா?
- வாசகி, தரங்கம்பாடி

ப: அவர் இங்க வந்தது இல்லம்மா. உங்க ஊரை டென்மார்க் ஆங்கிலேயருக்கு வித்தது 1845-ல, அப்போ அவருக்கு அறுபது தாண்டியாச்சு. ஆனா அவரோட யோசனை உங்க ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்துல, பரங்கிப்பேட்டைக்கு வந்தது. ஆன் மேரி பீட்டர்சன்னு ஒரு டேனிஷ் அம்மா, மிஷன் வேலைக்கு வந்தவங்க, க்ருண்ட்விக் வழியில வளர்ந்தவங்க, காந்தியோட நெருங்கிப் பழகி, பெண் பிள்ளைங்களுக்கு தாய்மொழியில, இந்த மண்ணோட ஒட்டின படிப்பு கொடுக்கணும்னு அங்க பள்ளிக்கூடம் தொடங்கினாங்க. 1921-ல காந்தியே வந்து அடிக்கல் நாட்டினார். சேவா மந்திர்னு பேரு. ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வாங்க.

கே: தாய்மொழி, தாய்நாடு என்று பாடியவர்களைப் பிற்காலத்தில் இனவாதிகள் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறோம். இவர் எப்படி?
- வாசகர், யாழ்ப்பாணம்

ப: அவசியமான கேள்வி. மழுப்பாம சொல்றேன். ஜெர்மன்காரங்களைப் பத்தி அவர் எழுதினதுல சிலது கடுமையா இருக்கும், ஷ்லெஸ்விக்ங்கற எல்லை மாகாணத்துக்காக ஜெர்மன்காரங்களோட நடந்த சண்டைக் காலத்துல ரொம்பவே. இன்னைக்கு குடியேறி வந்தவங்களுக்கு எதிரா பேசற சிலரும் டென்மார்க்ல அவர் பேரைச் சொல்லித்தான் பேசறாங்க. ஆனா அதே ஆள்தான் 1848-ல, யார் தன்னை இந்த மக்கள்ல ஒருத்தர்னு எண்ணிக்கறாங்களோ அவங்க எல்லாரும் இந்த மக்கள்தான்னு பாடினார். 1837-ல எழுதின கவிதையில முதல்ல மனுஷன், அப்புறம்தான் கிறிஸ்தவன்னு சொன்னார், ஒரு பாதிரியார் அந்தக் காலத்துல அதைச் சொன்னது சின்ன விஷயம் இல்ல. 1820-ல எழுதின பாட்டு ஒண்ணு, எங்களைவிட உயரமான மலை மத்த நாட்டுல இருக்கு, எங்களைவிட பெரிய வீரச் செயலும் மத்தவங்க பண்ணியிருக்காங்கன்னு ஒத்துக்கிட்டே போய், கடைசியில "கொஞ்சம் பேருக்கு மட்டுமே அளவுக்கு மேல, அதைவிடக் கொஞ்சம் பேருக்கே தேவைக்குக் கீழ, அப்போ நாங்க செல்வத்துல ரொம்ப தூரம் வந்துட்டோம்"னு முடியும். 1866-ல பணக்கார நிலப்பிரபுக்களுக்கு சாதகமா அரசியல் சட்டத்தை மாத்தினப்போ, 82 வயசுல மேல் சபைக்குப் போய் எதிர்த்தார், தோத்தார்.

பாட்டு யாருக்கு சொந்தம்ங்கற சண்டை அங்க இன்னும் ஓயல. மக்கள் பள்ளிகளோட, அதாவது நான் சொன்ன பரீட்சை இல்லாத பள்ளிக்கூடங்களோட, பாட்டுப் புத்தகம் முதல்ல 1894-ல வந்தது, 2020-ல 19-ஆவது பதிப்பு, 601 பாட்டு. அதுல கோபன்ஹேகன்ல ரமலான் மாசம் பத்தின ஒரு பாட்டைச் சேர்த்தப்போ பெரிய வாக்குவாதம் நடந்தது. சேர்த்துட்டாங்க. நான் சேர்த்தவங்க பக்கம்.

கே: எல்லாம் பழைய ஆளா இருக்காரே. நம்ம காலத்துல பாட்டு எழுதின டேனிஷ் கவிஞர் ஒருத்தரைச் சொல்லுங்க.
- வாசகர், திருச்சி

ப: பென்னி ஆண்டர்சன். 1929-ல கோபன்ஹேகன் பக்கத்துல வாங்கெடேல பொறந்தவர், ரொம்ப வருஷம் மதுக்கடைகள்லயும் ஹோட்டல்கள்லயும் பியானோ வாசிச்சு ஊர் ஊரா சுத்தினவர், 1960-லதான் முதல் கவிதைத் தொகுப்பு. 1972-ல ஸ்வான்டேன்னு ஒரு கற்பனை ஆளைப் படைச்சு, அவன் பாடற மாதிரி பாட்டெல்லாம் எழுதி மெட்டும் தானே போட்டார். கரகரன்னு குரல் உள்ள பாவ்ல் டிஸ்ஸிங் பாடினார். அதுல ஒரு பாட்டு, காலைப் பொழுது, அவனுக்குப் பிரியமானவ குளிச்சுக்கிட்டு இருக்கா, இவன் ரொட்டியும் சீஸும் சாப்பிடறான், காபி இன்னும் கொஞ்ச நேரத்துல ரெடியாயிடும், அவ்ளோதான் விஷயம். 2006-ல அரசாங்கம் நாட்டோட கலைச் செல்வம்னு பட்டியல் போட்டப்போ அந்தப் பாட்டுத் தொகுப்பும் அதுல இடம் பிடிச்சது. 2018-ல, 88 வயசுல காலமானார். நான் சொன்ன பள்ளிப் பாட்டுப் புத்தகத்துல க்ருண்ட்விக்கோட விடியல் பாட்டும் இருக்கு, இந்த காபிப் பாட்டும் இருக்கு. ரெண்டையும் யூடியூப்ல கேக்கலாம், முதல்ல விடியல் பாட்டை வைசே மெட்டுல கேளுங்க, ஒரு பெரிய கூட்டம் பாடற ரெக்கார்டிங்கா தேடிப் பிடிங்க.